பசுவின் உடலுக்குள்: எந்த உறுப்பு எங்கே, அதற்கு என்ன வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலூட்டிகளின் உடலமைப்பைப் படிக்க நம் ஊரில் பசுவைவிடத் தோதான விலங்கு கிடையாது. கட்டுத்தறியில் நிற்கிறது, தொட்டுப் பார்க்கலாம், காது வைத்துக் கேட்கலாம். மாடு வளர்ப்பவர்களும் கால்நடைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உறுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், செய்யக்கூடாத வைத்தியத்தில் பாதி தானாகவே நின்றுவிடும். அளவுகள் எல்லாம் சுமார் 400 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவைப் பசுவை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

மாடு நலமாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

நான்கு அளவுகள் போதும். முதலில் உடல் வெப்பம்: ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டும். தெர்மாமீட்டரின் நுனி குடல் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும். நண்பகல் வெயிலில் நின்ற மாட்டுக்கு ஒரு டிகிரி கூடவே இருக்கும். நிழலில் ஒரு மணி நேரம் கட்டி, மறுபடி பார்த்துவிட்டுத்தான் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 80. வாலைத் தூக்கி, அதன் அடிப்புறத்தில் ஆசனவாய்க்கு அரைச்சாண் கீழே நடுக்கோட்டில் விரல் வைத்தால் கிடைக்கும். மூச்சு 15 முதல் 35. மாட்டின் பின்புறம் சற்றுத் தள்ளி நின்று வலது விலா ஏறி இறங்குவதை எண்ணலாம். நான்காவது, மாட்டுக்கே உரியது: இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு 2 நிமிடம் நில்லுங்கள். உள்ளேயிருந்து 2 அல்லது 3 முறை கையை வெளியே தள்ளினால் பெருவயிறு, அதாவது வயிற்றின் முதல் அறை, வேலை செய்கிறது. ஒரு தடவைகூடத் தள்ளவில்லை என்றால், மற்ற மூன்று அளவும் சரியாக இருந்தாலும் மாடு நலமாக இல்லை.

மாட்டுக்கு நான்கு வயிறு என்பது உண்மையா?

வயிறு ஒன்றுதான், அதற்கு நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிறு வயிற்றுக்குழியின் இடது பாதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இதில் செரிமான நீர் எதுவும் சுரப்பதில்லை. இது ஒரு நொதிக்கும் தொட்டி. ஒரு மில்லிலிட்டர் பெருவயிற்று நீரில் 1000 கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள், அவற்றோடு புரோட்டோசோவாக்கள், பூஞ்சைகள். வைக்கோலில் உள்ள நாரை உடைக்கும் நொதியைப் பசுவின் உடல் தயாரிப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது இந்த நுண்ணுயிர்கள்தான். அவை நாரை உடைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. பெருவயிற்றுச் சுவர் அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பசுவுக்கு வேண்டிய எரிசக்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வழியில்தான் வருகிறது.

இரண்டாவது அறையின் உட்சுவர் தேன்கூடுபோல அறுகோணக் கட்டங்களாக இருக்கும். அரைபடாத, கனமான பொருள் எதுவானாலும் வந்து தங்கும் இடம் அது. மூன்றாவது அறை புத்தகத் தாள்கள்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நீரைப் பிழிந்தெடுத்து உறிஞ்சுவது அதன் முக்கிய வேலை. நான்காவது அறையில்தான் நம் இரைப்பையில் சுரப்பதுபோல அமிலமும் பெப்சினும் சுரக்கின்றன. பெருவயிற்றில் பெருகிய நுண்ணுயிர்கள் இங்கே வந்து செத்து, செரித்து, பசுவுக்குப் புரதமாகின்றன. மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்பதைவிட, மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுகிறோம் என்று எடுத்துக்கொண்டால் தீவனத்தில் நடக்கும் தவறுகள் பலவும் புரிந்துவிடும்.

அசைபோடுவதை ஏன் இவ்வளவு கவனிக்கச் சொல்கிறார்கள்?

மாடு மேயும்போது சரியாக மெல்லாமல் விழுங்கிவிடும். பிறகு படுத்துக்கொண்டு, ஒவ்வொரு கவளமாக வாய்க்குக் கொண்டுவந்து, சுமார் ஒரு நிமிடம் மென்று மறுபடி விழுங்கும். ஒரு கவளத்துக்கு 40 முதல் 70 மெல்லல். ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் இதற்கே போகிறது.

மெல்லும்போது ஊறும் எச்சில் நாளொன்றுக்கு 100 லிட்டர் வரை வரும். அதில் சோடியம் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. பெருவயிற்றில் இடைவிடாமல் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பது இந்த எச்சில்தான். எனவே நார்த்தீனி குறைந்தால் அசை குறையும், அசை குறைந்தால் எச்சில் குறையும், எச்சில் குறைந்தால் புளிப்பு ஏறும். தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை எவ்வளவு கூட்டினாலும் வைக்கோலையோ தட்டையையோ நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். தட்டையைப் பொடிப்பொடியாக அரைத்துப் போடுவதும் நல்லதல்ல. ஓரங்குல அளவுத் துண்டுகளாக இருந்தால் மாடு மெல்லும்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஊட்டிய மாடு மறுநாள் படுத்துவிடுகிறதே, ஏன்?

மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாளும், கல்யாண வீட்டு மிச்சச் சோறு மாட்டுத் தொட்டிக்கு வந்த மறுநாளும் கால்நடை மருத்துவமனைகளில் இந்த மாடுகள் வரிசையில் நிற்கும். அன்பினால் நேரும் கேடு இது. வெந்த சோற்றில் உள்ள மாவுச்சத்து நொதிக்கும் வேகம் வைக்கோலைப்போலப் பல மடங்கு. மாவை உண்ணும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டிய பெருவயிற்றின் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே போய்விடும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் கூட்டமாகச் சாகும். பெருவயிற்று நீர் செறிவாகிவிடுவதால் இரத்தத்திலிருந்து தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மாட்டின் கண் குழிவிழும், மூக்கு காயும், புளித்த நாற்றத்தோடு தண்ணீராகச் சாணம் போடும், நடை தள்ளாடும். அமிலம் இரத்தத்தில் ஏறினால் மாடு படுத்துவிடும். அதன் பின் பிழைப்பது கடினம்.

முதலுதவியாக, மாடு நின்றுகொண்டு தானே விழுங்கும் நிலையில் இருந்தால் 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கொடுக்கலாம். தவிடு, பிண்ணாக்கு, கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோல் மட்டும் போட வேண்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதுவும் வேண்டாம்; நரம்பு வழியாக மருந்து ஏற்றியாக வேண்டும். பண்டிகையன்று ஒரு கைப்பிடிப் பொங்கல் கொடுப்பதால் கெடுதல் இல்லை. ஒரு குண்டான் கொடுப்பதுதான் கொல்கிறது. புதிய தீவனம் எதுவானாலும் 10 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் மாறிக்கொள்ள அவ்வளவு நாள் பிடிக்கும்.

வயிறு உப்பினால் இடது பக்கம் மட்டும் ஏன் வீங்குகிறது?

பெருவயிறு இடது பக்கம் இருப்பதால். நொதிக்கும்போது மணிக்கு 30 லிட்டருக்கு மேல் வாயு உண்டாகிறது. மாடு அதை ஏப்பமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஏப்பம் நின்றால் இடது பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும். வாயு பெருகினால் பெருவயிறு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தை முன்னால் தள்ளி நுரையீரலை நெருக்குகிறது. மாடு சாவது மூச்சுத் திணறித்தான்.

இதில் இரண்டு வகை. மாங்கொட்டை, பனங்கொட்டை, கிழங்குத் துண்டு போன்றவை உணவுக்குழாயில் சிக்கினால் வாயு மேலே வர வழியிருக்காது. மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு கழுத்தை நீட்டி நிற்கும். இளம் பயறுவகைத் தீவனத்தைப் பனி ஈரத்தோடு நிறைய மேய்ந்தால் வாயு நுரையாகிவிடும். நுரையை ஏப்பமாக விட முடியாது. நுரை வகைக்கு 200 முதல் 250 மில்லி கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் நுரையை உடைக்கும். அடைப்பு வகைக்கு எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். வித்தியாசம் தெரியாவிட்டால் ஊற்றாதீர்கள். முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

ஆணியை விழுங்கிய மாட்டுக்கு நெஞ்சில் ஏன் நோய் வருகிறது?

மாட்டின் உதட்டுக்கும் நாக்குக்கும் நம்மைப்போலப் பிரித்தறியும் திறன் இல்லை. தீனியோடு கம்பி, ஆணி எதுவானாலும் போய்விடும். கனமான அவை தேன்கூட்டு அறையில் தங்கும். அந்த அறைக்கு நேர் முன்னால் உதரவிதானம், அதற்கு முன்னால் இதயம். இடைவெளி சில சென்டிமீட்டர்தான். அறை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கம்பி முன்னோக்கிக் குத்தி, இதய உறைக்குள் சீழை உண்டாக்கும்.

அடையாளங்கள்: பால் சட்டென்று குறையும், மாடு முதுகை வளைத்து நிற்கும், முழங்கையை உடலிலிருந்து விலக்கி வைக்கும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்க மறுக்கும். பிறகு தாடைக்கு அடியிலும் கழுத்தின் கீழே தொங்கும் தோலான அலைதாடியிலும் நீர் கோத்து, கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைக்கும். அந்தக் கட்டத்தில் செய்வதற்கு அதிகமில்லை. வைக்கோல் கட்டும் கம்பி, கட்டட வேலை நடக்கும் இடம், பஞ்சரான டயரை எரித்த இடம், இவற்றைத் தீனிக்கு அருகில் விடக் கூடாது. பிளாஸ்டிக் பை குத்தாது. ஆனால் பெருவயிற்றில் பந்தாகச் சுருண்டு கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், செரிக்கவே செரிக்காது.

பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி?

பசுவுக்கு மேல்தாடையின் முன்புறம் பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். நாக்கால் புல்லைச் சுற்றி, கீழ்ப்பல்லுக்கும் அந்த ஈறுக்கும் இடையில் வைத்து அறுக்கும். கீழே முன்பற்கள் 8. கடைவாய்ப் பற்களோடு மொத்தம் 32. பால்பற்கள் சிறியவை, வெள்ளை; நிலைப்பற்கள் மண்வெட்டிபோல அகன்றவை. நடுவில் உள்ள இரண்டு விழுந்து முளைத்தால் இரண்டு பல்: ஏறத்தாழ 2 வயது. நாலு பல் இரண்டரை, ஆறு பல் மூன்று, எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தால் நான்கு. நாட்டு மாடுகளுக்கு இது சில மாதங்கள் தள்ளிப் போகும். கடை சேர்ந்த பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வது வெறும் கணிப்பு. சந்தையில் அதற்கு விலை கொடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

கன்றுக்குச் சீம்பால் உடனே கொடுக்க வேண்டும் என்பது ஏன்?

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதம் தாயின் வயிற்றிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் ஒரே எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இருக்கிறது. பிறந்த கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் விடும். ஆனால் அந்தக் கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் வேண்டும். அதில் பாதியை முதல் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கறக்கலாம் என்று காத்திருப்பது கன்றைக் கொல்லும் வழக்கம். பசுவுக்கும் கெடுதல்தான், கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருக்கி நஞ்சு விழ உதவுகிறது.

கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு மடிப்பு குழாய்போல மூடி, பாலை நேராக நான்காவது அறைக்கு அனுப்பும். தலையைச் சற்று ஏந்தி ஊட்டினால் இது நன்றாக நடக்கும். வாயைப் பிளந்து மடமடவென்று ஊற்றினால் பால் பெருவயிற்றில் விழுந்து புளித்துக் கழிச்சல் வரும். வைக்கோலும் கன்றுத்தீவனமும் கடிக்கப் பழகிய பிறகே பெருவயிறு வளர்கிறது. அதற்கு மூன்று மாதம் ஆகும்.

மடியில் பால் எப்படி ஊறுகிறது?

மடி நான்கு தனித்தனிச் சுரப்பிகள். ஒரு காம்பின் பால் இன்னொன்றுக்குப் போகாது. அதனால்தான் ஒரு காம்பில் நோய் வந்தாலும் மற்ற மூன்றிலும் நல்ல பால் வரும். ஒரு லிட்டர் பால் உண்டாக 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். வயிற்றின் அடியில் கைவிரல் தடிமனில் நெளிந்து ஓடும் பால் நரம்பு இந்த ஓட்டத்தின் ஒரு பகுதி.

கன்று முட்டும்போது, அல்லது காம்பைக் கழுவித் துடைக்கும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்கும். ஆக்ஸிடோசினின் விளைவு நீடிப்பது 5 முதல் 8 நிமிடம்தான். கழுவிவிட்டுப் பாத்திரம் தேடப் போனால் பால் மேலேயே தங்கிவிடும். அடித்தால், நாய் குரைத்தால், புது ஆள் கை வைத்தால் அட்ரினலின் சுரந்து பாலை நிறுத்தும். மாடு பாலை ஒளிக்கிறது என்று சொல்வது இதைத்தான், அது பயந்திருக்கிறது.

காம்பின் நுனித்துளை ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு கால்வாய். கறந்த பிறகு அது முழுதாக மூடச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி ஏறி மடிநோய் வரும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, முன்னால் பசுந்தீனி போட்டால் மாடு நின்றுகொண்டே தின்னும், துளையும் மூடிவிடும். செலவில்லாத இந்த ஒரு பழக்கம் எத்தனையோ மடிகளைக் காப்பாற்றும்.

பால் காய்ச்சல் வந்த மாட்டுக்கு உடம்பு ஏன் சில்லிடுகிறது?

பெயர்தான் காய்ச்சல். நடப்பது இரத்தத்தில் கால்சியம் இறங்குவது. ஒரு பசுவின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மொத்தக் கால்சியம் 3 கிராமைத் தாண்டாது. 5 லிட்டர் சீம்பாலில் வெளியே போவதோ 10 கிராமுக்கு மேல். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டச் சொல்வது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி. அது விழித்துக்கொள்ளத் தாமதமானால் தசைகள் தளரும்: கன்று ஈன்ற 3 நாட்களுக்குள் மாடு படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிவைத்துக்கொள்ளும், காது சில்லிடும், சாணம் நிற்கும்.

சினையின் கடைசி 3 வாரத்தில் கால்சியம் டானிக் ஊற்றுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். விளைவு நேர்மாறானது: வெளியிலிருந்து தாராளமாக வந்தால் சுரப்பி சோம்பிவிடும், ஈன்ற அன்று கைவிட்டுவிடும். டானிக் ஈன்ற பிறகு கொடுக்க வேண்டியது. நோய் வந்த மாட்டுக்கு நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும். 450 மில்லி பாட்டிலைச் சடசடவென்று ஏற்றினால் இதயம் நின்றுபோகும். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றத் தெரிந்த மருத்துவரின் வேலை அது. அவர் வரும்வரை மாட்டை நெஞ்சு ஊன்றி உட்காரவைத்து, இருபுறமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பும்.

இதயம் எந்தப் பக்கம்? இரத்தம் எவ்வளவு?

இடது முழங்கைக்கு உட்புறம், 3வது விலாவுக்கும் 5வது விலாவுக்கும் இடையில். மனிதருக்கு உள்ளதுபோல நான்கு அறைகள். கூடுதலாக மாட்டின் இதயத்துக்குள் ஒரு சிறு எலும்பு இருக்கிறது, வால்வுகளைத் தாங்க. மொத்த இரத்தம் சுமார் 24 லிட்டர்.

இரத்தம் குறைந்ததா என்று பார்க்கக் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புற நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது. வெளுத்திருந்தால் உண்ணி, குடற்புழு, தட்டைப்புழு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். உண்ணி பரப்பும் நோய்களில் ஒன்றில் சிவப்பணு உடைந்து மூத்திரம் காபி நிறத்தில் வரும். இன்னொன்றில் தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கழலை எலுமிச்சை அளவுக்கு மேல் வீங்கும், காய்ச்சல் 105 டிகிரியைத் தொடும். இரண்டும் கலப்பின மாடுகளைத்தான் அதிகம் தாக்குகின்றன.

வாயில் மருந்து ஊற்றும்போது மாடு ஏன் இருமுகிறது?

தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் நொடியில் ஒரு மூடி மூச்சுக்குழாயை அடைக்கும். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது. தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கினால் திரவம் நேராக மூச்சுக்குழாய்க்குள் வழியும். எண்ணெய் போனால் நிமோனியா நிச்சயம். முகம் தரைக்கு இணையாக இருக்கட்டும், கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், இருமினால் உடனே தலையை விடுங்கள்.

மூச்சு தொடர்பாக இன்னொன்று. தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரிலும் மரவள்ளி இலையிலும் சயனைடு உண்டாகும் பொருள் இருக்கிறது. மேய்ந்த சில நிமிடங்களில் மாடு திணறி விழும். இரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைய இருக்கும், ஆனால் உயிரணுக்களால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதனால் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். சோளம் பூவெடுக்கும் முன் மேய விடாதீர்கள்.

திமிலும் அலைதாடியும் எதற்கு?

திமில் தசையும் கொழுப்பும் கலந்தது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் போன்ற நம் இனங்களுக்குத் தளர்ந்த தோல், அலைதாடி, குட்டை மயிர், பெரிய வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் சேர்ந்து வெயிலைத் தாங்க உதவுகின்றன. சீமை (வெளிநாட்டு) இன இரத்தம் கூடக்கூட இது குறையும். மூச்சு 60ஐத் தாண்டி, வாயைத் திறந்து எச்சில் ஒழுக்கினால் வெப்ப அயர்ச்சி. நிழல், காற்று, உடம்பில் தண்ணீர் உடனே வேண்டும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. அது குட்டையில் கிடப்பது உடம்பின் தேவை.

சிறுநீரகம்?

பசுவின் சிறுநீரகம் திராட்சைக் கொத்துபோலப் பல மடல்களாக இருக்கும். பெருவயிறு தள்ளுவதால் இடது சிறுநீரகம் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய்விடும். காளைக்கும் எருதுக்கும் சிறுநீர்ப் பாதையில் எஸ் வடிவ வளைவு உண்டு; கல் வந்தால் அங்கேதான் அடைக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. தவிட்டை மட்டும் நம்பி, தண்ணீரும் குறைத்துக் காட்டினால் கல் சேரும். வாலைத் தூக்கி முக்கியும் சொட்டுச் சொட்டாக வந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். பை வெடித்தால் மாடு பிழைப்பது அரிது.

சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) எந்த நேரத்தில் போட்டால் சினை நிற்கும்?

பசுவின் சினைச்சுழற்சி 21 நாள். காளைக்குக் கத்துவது 12 முதல் 18 மணி நேரம். கருமுட்டை வெளிவருவது அது அடங்கிச் சுமார் 12 மணி நேரம் கழித்து. விந்தணு கருப்பைக்குள் சில மணி நேரம் பக்குவப்பட வேண்டும். முட்டையின் ஆயுளும் குறைவு. எனவே காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். கண்ணாடிபோலத் தெளிந்து நூலாகத் தொங்கும் வழும்பும், மற்ற மாடு மேலேறும்போது அசையாமல் நிற்பதும் சரியான அறிகுறி. வழும்பில் வெண்சீழ் இருந்தால் அந்த முறை ஊசி வேண்டாம்; கருப்பைப் புண்ணை முதலில் ஆற்ற வேண்டும்.

கருப்பைக் கழுத்துக்குள் 3 அல்லது 4 வளையங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, கருப்பை உடலின் வாயிலில் விந்தை விட வேண்டும். உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தோ சட்டைப்பையில் போட்டோ உருக்கினால் விந்தணு பாதி செத்துவிடும். ஊசி போட வருபவரிடம் வெந்நீர்க் குடுவை இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. போட்ட 21ஆம் நாளை நாட்காட்டியில் குறித்து, அன்று மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். சினைக்காலம் 280 நாள். முர்ரா எருமைக்கு 310. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பத்தில் ஒன்பது மலடு. காளைக்கன்றின் ஹார்மோன் வயிற்றிலேயே அதன் கருப்பையைக் கெடுத்திருக்கும்.

நஞ்சுக்கொடி விழாவிட்டால் கல்லைக் கட்டித் தொங்கவிடலாமா?

கூடாது. இளங்கொடி என்றும் சொல்லப்படும் பசுவின் நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒரே பரப்பாக ஒட்டியிருப்பதில்லை. 75 முதல் 120 பொத்தான்களில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் தானாகத் தளர வேண்டும். பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்தில் விழும். கல்லோ செருப்போ கட்டி இழுத்தால் பொத்தான் கிழிந்து இரத்தம் கொட்டும், சிலசமயம் கருப்பையே வெளியே தள்ளும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; தொங்குவது தரையில் புரளாமல் கணுக்கால் அளவுக்கு மேல் வெட்டிவிடலாம், அவ்வளவுதான். விழுந்த இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தில் ஒரு பயன் உண்டு: நாயும் இழுக்காது, மாடும் தின்னாது. ஆழக் குழிதோண்டிப் புதைப்பது இன்னும் நல்லது.

மாட்டின் முன்கால் முட்டி நம் முழங்கால்தானா?

இல்லை, அது மணிக்கட்டு. பின்காலில் பின்னோக்கி முனையாகத் தெரிவது குதிகால். மாடு நடப்பது இரண்டு விரல்களின் நகத்தில்தான், நகம்தான் குளம்பு. காறை எலும்பு இல்லை; முன்கால்களை உடம்போடு பிணைப்பது தசை மட்டுமே. எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கி, தலையை முன்னால் வீசி எழும். அதற்குத் தலைக்கு முன்னால் 2 அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிக் கட்டினால் மாடு எழவே தயங்கும். எழ முடியாத மாட்டை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். 400 கிலோ எடை ஒரே தொடையை அழுத்திக்கொண்டிருந்தால், நோய் தீர்ந்த பிறகும் அந்தக் கால் தசையும் நரம்பும் செத்துப்போய் மாடு எழாது.

ஊசியைப் பின்தொடையில் போடச் சொன்னால் மருத்துவர் கழுத்தில் போடுகிறாரே?

பின்தொடை வழியாக, காலை அசைக்கும் விரல் தடிமனுள்ள நரம்பு (இரத்தக்குழாய் அல்ல) ஓடுகிறது. அதில் பட்டால் கால் விழுந்துவிடும். கழுத்தின் பக்கவாட்டில், மேலே பிடரிநார், கீழே கழுத்தெலும்பு, பின்னால் தோள்பட்டை என்று மூன்றுக்கும் நடுவில் ஒரு முக்கோணம் இருக்கிறது. அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய இரத்தக்குழாயும் இல்லை.

மாடு எச்சில் ஒழுக்குகிறது, தண்ணீர் விழுங்கவில்லை. வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கலாமா?

வெறும் கையோடு ஒருபோதும் விடாதீர்கள். தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கலாம். கோமாரியாகவும் இருக்கலாம்; அதில் நாக்கிலும் ஈறிலும் புண் இருக்கும், குளம்பிடுக்கிலும் இருக்கும். ஆனால் வெறிநோயிலும் தொண்டை நரம்புகள் செயலிழந்து இதே தோற்றம்தான் வரும்: குரல் மாறிக் கத்தும், பின்கால் தள்ளாடும், எச்சில் நூலாக ஒழுகும். அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறது. விரலில் சிறு கீறல் போதும். நாய் கடித்தது யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மாட்டைத் தனியாகக் கட்டி, அதன் பாலைக் கறக்காமல், கால்நடை மருத்துவர் வரும்வரை யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.